ஆயில் வால்வை மூடிவிட்டு வந்த சனிக்கிழமை

நாங்கள் இருப்பது நான்கு வீடுகள் சேர்ந்த ஒரு வரிசையில் கடைசி வீடு. மரவீடு. தூண்களின் மேல் நிற்கிறது. இங்கே மண்ணுக்கு அடியில் எப்போதும் பனிக்கட்டிதான், அதனால் தரையோடு வீடு கட்ட முடியாது. அலாஸ்காவின் வடக்கே, சாலை போகாத ஊர். வானிலை விட்டால் சின்ன விமானம் வரும். கோடையில் ஒரு தடவை சரக்குப் படகு வரும். மற்றபடி யாரும் வருவதில்லை.

வீடு எங்களுடையது இல்லை. ஊர் வீட்டுவசதி அலுவலகத்தினுடையது. சம்பளத்தைப் பார்த்து வாடகை வைக்கிறார்கள். ஊரில் வாடகைக்கு வேறு வீடு கிடையாது. இந்த வீடு போனால் விமானம் ஏறிக் கிளம்ப வேண்டியதுதான். வீடு போனால் வேலையும் போன மாதிரி.

இதற்கு முன் நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்தோம். ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருந்தேன். சனி ஞாயிறு வந்தால் கதவுக்கு வெளியே ஐடி குடும்பங்கள் நிற்கும். நின்றுகொண்டே வீட்டு விலை பேசுவார்கள். நான் கல்லில் ரோஸ்ட் சுருட்டிக்கொண்டே கேட்பேன். நாங்கள் ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தோம். ஜன்னல் மண் மட்டத்தில் இருக்கும். வெளியே நடப்பவர்களின் கால் தெரியும். வருடா வருடம் வாடகை ஏறும். வாடகை குறைந்த வீடுகளுக்கு எழுதிப் போடப் போனேன். காத்திருப்போர் பட்டியலே நிரம்பிவிட்டது, பட்டியல் திறந்தால் சொல்கிறோம் என்றார்கள். அது திறக்கவில்லை.

ஹோட்டலுக்கு ஜெர்சி சிட்டியிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். மெட்ராஸ்காரர். வடக்கே ஒரு கிளினிக்கில் போய் மாதக்கணக்கில் வேலை செய்துவிட்டு வருவார். அவர்தான் ஒரு நாள் சொன்னார்.

"மாஸ்டர், அங்க ஸ்கூல் கிச்சனுக்கு குக் தேடறாங்க. அப்ளை பண்றீங்களா? ஹவுசிங்ல வீடும் கிடைக்கும். ஆனா குளிர். நீங்க நினைக்கிற குளிர் இல்ல."

"கல்லு முன்னாடி நின்னு வெந்ததெல்லாம் போதுமுங்க மேடம்" என்றேன்.

கிரீன் கார்டு அதற்கு முந்தின வருடம்தான் கைக்கு வந்திருந்தது. கிளம்பிவிட்டோம். நான், மனைவி, மகள். மகள் ஜெர்சியில் பிறந்தவள். தமிழில் திட்டினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

இங்கே வீடு மலிவு, மற்றது எல்லாம் நெருப்பு விலை. தக்காளி விமானத்தில் வருகிறது. அதன் விலையைப் பார்த்துவிட்டு என் மனைவி முதல் நாள் கடையில் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். இப்போது புளியில்தான் எல்லாம். பருப்பும் அரிசியும் ஜெர்சியில் இருக்கும் அவள் தங்கை பெட்டியில் கட்டி அனுப்புகிறாள். பெட்டி வர மாதமாகும். எல்லாவற்றையும் விட விலை, ஹீட்டருக்கு ஊற்றும் ஆயில். கோடையில் படகில் வந்து இறங்குவதுதான். வீட்டுக்கு வெளியே சுவரோரம் ஒரு இரும்பு டாங்க் நிற்கும். அதிலிருந்து ஒரு குழாய் வீட்டுக்குள் ஹீட்டருக்குப் போகும். டாங்க் ஓரத்தில் சிவப்புக் கைப்பிடி போட்ட வால்வு. ஆயில் ஊற்றுகிறவன் அதை மூடிவிட்டு ஊற்றுவான். ஊற்றியதும் திறந்து விடுவான்.

சாவி கொடுத்த அன்றே அலுவலகத்து மேனேஜரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இந்த ஊரிலேயே பிறந்தவர். பெரிய உடம்பு. மெதுவாகப் பேசுவார். குளிர்காலத்தில் ஹீட்டர் ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது. நான்கு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் உறைந்தால் பின்னாலேயே மற்ற மூன்றும் உறையும். போன வருடம் வேறு வரிசையில் அப்படி ஆகி, அந்த வீட்டில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டோம். இதைச் சொன்னபோது அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆங்கிலம் காதால் கற்றது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சுருக்கமாகச் சொன்னேன்.

"ஹீட்டரை ஆஃப் பண்ணவே கூடாதாம்."

"சரிங்க" என்றாள்.

என் மனைவிக்கு ஒரு பழக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் முன் கேஸ் சிலிண்டரை மூடுவார்கள். மூடியதை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார்கள். தெருமுனை வரை போய்விட்டு, மூடினோமா என்று திரும்பி வருவதும் உண்டு. ஜெர்சியில் சிலிண்டர் இல்லை. கேஸ் சுவருக்குள்ளிருந்து வந்தது. மூட ஒன்றும் இல்லாமல் அவள் அடுப்பின் நான்கு குமிழையும் தொட்டுவிட்டுத்தான் செருப்புப் போடுவாள்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பாஸ்கெட்பால் போட்டி. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் விமானத்தில் வந்திருந்தார்கள். இங்கே குளிர்காலத்துக்கு அதுதான் திருவிழா. எனக்குச் சமையல். விடியும் முன்பே போய்விட்டேன். மனைவியும் மகளும் பிறகு பூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் ஆளே இல்லாமல் மூன்று பேரும் வெளியே வந்தது அன்றுதான் முதல் தடவை.

மத்தியானம் காற்று பிடித்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. யாரும் வெளியே போகக் கூடாது, இரவு எல்லாரும் இங்கேயே என்று அறிவித்தார்கள். இங்கத்துக்காரர்களுக்கு அது பழக்கம். பிள்ளைகள் கத்திக் கொண்டாடினார்கள். நான் சூப்பில் இன்னும் தண்ணீர் சேர்த்தேன். காரிபூ கறி சூப். காரிபூ இங்கத்து மான். மிளகு தட்டிப் போடுவேன்.

மனைவி சமையலறைக்கு வந்தாள்.

"ஏனுங்க."

"சொல்லு."

"காத்து எப்ப நிக்குமாம்?"

"காலைல ஆயிரும்ங்கறாங்க."

"காலைலயா?"

நான் திரும்பிப் பார்த்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"வரும்போது ஆயிலை மூடிட்டு வந்துட்டனுங்க."

"எந்த ஆயிலை?"

"வெளிய டாங்குல. அந்தச் செவப்புக் கைப்பிடி. காலைல ஆயில் நாத்தம் அடிச்சுதுங்க. வீட்ல ஆளில்லாதப்ப என்னத்துக்கு வம்புன்னு... மத்தியானம் வந்து தொறந்துக்கலாம்னு இருந்தேன்."

"ஹீட்டரை ஆஃப் பண்ணாதேன்னு சொன்னனா இல்லையா?"

"ஹீட்டரை நான் தொடவே இல்லீங்க. ஆயிலைத்தான் மூடுனேன்."

அவள் சொன்னது சரி. நான் அவ்வளவுதான் சொல்லியிருந்தேன்.

குழாயில் மிச்சமிருந்த ஆயில் தீர்ந்ததும் ஹீட்டர் நின்றிருக்கும். அது எப்போதோ நின்றிருக்கும். வெளியே மைனஸ் முப்பதுக்குக் கீழே. அதற்கு மேல் காற்று.

மகள் தட்டை வைக்க வந்தவள் கேட்டுவிட்டாள்.

"அம்மா, யூ டர்ன்ட் ஆஃப் தி ஆயில்? ஆர் யூ சீரியஸ்?"

"மெதுவாப் பேசு கண்ணு."

"தே ஆர் கோனா கிக் அஸ் அவுட்."

"வாய மூடு" என்றேன். அவள் மூடவில்லை, அழுதாள்.

மனைவி கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "நாமளே போயி தொறந்துட்டு வந்துரலாமுங்க. இந்தா இருக்குது வீடு. மேனேஜரம்மாகிட்டச் சொல்லாதீங்க. அனுப்பிச்சிருவாங்க."

வீடு பக்கம்தான். சும்மா நாளில் ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் போய்விடலாம். கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கதவைத் தள்ளியதும் காற்று என்னைத் திரும்ப உள்ளே தள்ளியது. மறுபடி தள்ளி ஒரு காலை வெளியே வைத்தேன். கையை நீட்டினேன். என் கை எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ என் கோட்டுத் தொப்பியைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். பள்ளிக்கூடத்துக் காவல்காரன்.

"எங்கே போகிறாய்?"

"வீட்டுக்கு."

"உன் வீடு எந்தப் பக்கம், காட்டு பார்க்கலாம்."

காட்டினேன். அவன் தலையை ஆட்டினான். "அது கடல்" என்றான்.

திரும்பி வந்தேன். மேனேஜரம்மா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் ரேடியோ தொங்கியது. இங்கே எல்லார் வீட்டிலும் ஒரு ரேடியோ உண்டு. புயலில் செல்போன் செத்துவிடும், ரேடியோ சாகாது. ஒருவர் பேசினால் ஊரே கேட்கும்.

போய் அவர் முன்னால் நின்றேன்.

"என்ன சமையல்காரரே? உப்புச் சரியா என்று கேட்கிறீரா?"

"என் வீட்டில் ஹீட் இல்லை."

கரண்டி நின்றது. "ஆயில் தீர்ந்துவிட்டதா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். தீர்ந்துபோவது யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்காக வெளியே அனுப்ப மாட்டார்கள். ஆனால் தீர்ந்தது என்றால் புயல் நிற்கும் வரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. டாங்க்குள் ஆயில் இருக்கும், வால்வு மூடியே கிடக்கும், நான்கு வீடும் உறையும். அந்த வரிசையில் இரண்டு வீட்டில் கைக்குழந்தைகள்.

"இல்லை" என்றேன். "வால்வு மூடியிருக்கிறது."

"யார் மூடியது?"

"நாங்கள்."

"நாங்கள் என்றால்?"

என் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "மீ" என்றாள் என் மனைவி. "ஐ குளோஸ்."

மேனேஜரம்மா அவளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சூப்பைக் கீழே வைத்துவிட்டு ரேடியோவை எடுத்தார். எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவரைக் கூப்பிட்டார்.

அந்தக் கிழவர் தனி ஆள். இடுப்பு சரியில்லாததால் போட்டிக்கு வரவில்லை. என் மனைவி அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவள் கொடுக்கும் ஊறுகாயை மீனோடு சாப்பிடுவார்.

மேனேஜரம்மா பேசப் பேச, அந்தக் கூடத்தில் யார் யார் இடுப்பில் ரேடியோ இருந்ததோ அத்தனையிலும் அவர் குரல் வந்தது. பந்து நின்றது. எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள்.

"அந்த வெயில் ஊர்க்காரர்கள் வீடா?" கிழவர் குரல் கரகரத்தது.

"அதேதான்."

"எதற்கு மூடினார்கள்? டாங்க்குக்குக் குளிரும் என்றா?"

கூடம் சிரித்தது. மேனேஜரம்மா சிரிக்கவில்லை.

"போக முடியுமா? முடியாது என்றால் முடியாது என்று சொல்லு."



"கயிறு இருக்கிறது" என்றார் கிழவர். "தூணில் கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி போகிறேன். வால்வில் ஐஸ் பிடித்திருந்தால் தட்டக் கோடாரியும் எடுத்துக்கொள்கிறேன். பூட்ஸ் போட நேரம் கொடு. குனிய முடியவில்லை."

அதற்குப் பிறகு ரேடியோவில் ஒன்றும் வரவில்லை.

என் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். வாய் அசைந்தது, சாமி பெயர் சொல்லியிருப்பாள். மேனேஜரம்மா ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு அதுவரை வீட்டைப் பற்றித்தான் பயம். அப்போது அது மாறிவிட்டது. எழுபது தாண்டிய மனிதர், இடுப்பு சரியில்லாதவர், எங்களால் வெளியே இறங்கியிருக்கிறார். விழுந்தால் தூக்க ஆள் இல்லை. வீடு போனால் போகட்டும் என்று நினைத்தேன். உண்மையாகத்தான் நினைத்தேன்.

சமையலறைக்குப் போய் சூப்பைக் கிளறினேன். அடி பிடித்திருந்தது. திரும்ப வந்தேன்.

ரேடியோ கரகரத்தது.

"திறந்துவிட்டேன்" என்றார் கிழவர். மூச்சு வாங்கியது. "ஆனால் ஹீட்டர் சத்தம் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பட்டனை அழுத்த வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது."

"பூட்டியா?" என்றார் மேனேஜரம்மா.

"பூட்டிதான். இந்த ஊரில் யார் கதவைப் பூட்டுகிறார்கள்? கரடி வந்து டிவியைத் தூக்கிக்கொண்டா போகும்?"

இந்தத் தடவை யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. மேனேஜரம்மா என் மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள். இன்னொரு சாவி அலுவலகத்தில். அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில்.

அந்த வீட்டில் நாங்கள் சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. காலண்டரைக்கூட ஒட்டித்தான் வைத்திருக்கிறோம். அரசாங்க வீடு, ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு பயம்.

"கதவை உடைக்கச் சொல்லுங்கள்" என்றேன்.

"அது எங்கள் கதவு."

"நான் வேறு போட்டுத் தருகிறேன்."

"எதை வைத்து? கோடைப் படகு வரை இங்கே கதவு கிடைக்காது."

"பலகை வைத்துச் செய்வேன். சொல்லுங்கள். அவர் வெளியே நிற்கிறார்."

மேனேஜரம்மா ரேடியோ பட்டனை அழுத்தினார். "உடை" என்றார்.

கிழவரின் ரேடியோ பட்டன் எதிலோ அழுந்தியே இருந்தது போல. கோடாரி விழும் சத்தம் ரேடியோவில் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் என் மனைவி கண்ணை மூடினாள். பிறகு மரம் பிளக்கும் சத்தம். பிறகு காற்றுச் சத்தம் குறைந்தது. உள்ளே போய்விட்டார்.

"உள்ளேயும் வெளியே மாதிரிதான் இருக்கிறது" என்றது ரேடியோ. "எந்தப் பட்டன்?"

"கீழே, வலது பக்கம்" என்றேன். மேனேஜரம்மா அதைத் திருப்பிச் சொன்னார்.

"அழுத்திவிட்டேன்."

ஹீட்டர் பிடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

"மறுபடியும் அழுத்தச் சொல்லுங்க" என்று என் மனைவி தமிழில் மேனேஜரம்மாவிடமே சொன்னாள். "புதுசா ஆயில் வர்றப்ப ரெண்டு மூணு தடவ அமுக்கோணும்." அவருக்கு எப்படிப் புரிந்ததோ தெரியவில்லை. "மறுபடி" என்றார் ரேடியோவில்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிழவர் சொன்னார். "பிடித்துவிட்டது. எரிகிறது. கதவு ஓட்டைக்கு உங்கள் மெத்தையைச் சாத்தி வைத்திருக்கிறேன். நான் என் வீட்டுக்குப் போகிறேன். யாரும் என்னை மறுபடி கூப்பிடாதீர்கள்."

அவர் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்ததாகச் சொன்ன பிறகுதான் என் மனைவி தரையில் உட்கார்ந்தாள்.

காலையில் காற்று நின்றது. மேனேஜரம்மா எங்களோடு நடந்து வந்தார். வாசலில் மெத்தை விறைத்து நின்றது. ஒரு பக்கமாக நகர்த்தி உள்ளே போனோம். கதவை ஒட்டிப் பனி முழங்கால் அளவு கிடந்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜரம்மா முதலில் பாத்ரூமுக்குப் போனார். சுவரோரக் குழாய் நீளமாக வெடித்து, உள்ளே ஐஸ் பிதுங்கியிருந்தது. அந்தக் குழாயின் வால்வை அவரே மூடினார். சமையலறைக்கு வந்தார். குழாயைத் திறந்தார். ஒரு சொட்டு இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிங்க் அடியில் உட்கார்ந்து, என் மகளின் ஹேர் டிரையரை வாங்கி அந்தக் குழாயில் காட்டினார். நாங்கள் மூவரும் பின்னால் நின்றோம். குழாய் இருமியது. காற்று வந்தது. கறுப்பாகக் கொஞ்சம் வந்தது. அப்புறம் தண்ணீர் வந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற மூன்று வீட்டிலும் அவர் போய்ப் பார்த்தார். அங்கே தண்ணீர் வந்தது. திரும்பி வந்தபோது என் மனைவி டீ போட்டிருந்தாள். வேண்டாம் என்றார். பிறகு வாங்கிக்கொண்டு நின்றபடியே குடித்தார்.

"வீடு?" என்று கேட்டேன்.

"நான் ஒருத்தி முடிவு செய்வதில்லை. அலுவலகத்தின் குழு கூடும். நடந்ததை நடந்தபடி சொல்வேன்."

"சரி" என்றேன்.

குழு கூடும் வரை நாங்கள் பெட்டியைக் கட்டவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. ஜெர்சியில் தங்கையிடம் அடுத்த பெட்டியை அனுப்ப வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. நான் வேலை முடிந்து வந்து கதவு செய்தேன். கிழவர் தன் பழைய படகின் பலகையைக் கொடுத்தார். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அங்கே இழை, இங்கே இழை என்று அதிகாரம் செய்தார். கதவை மாட்டியதும் கேட்டார்.

"பூட்டு வேண்டுமா?"

"யெஸ்" என்றாள் என் மனைவி. "பிக் லாக்."

அவர் இருமல் வரும் வரை சிரித்தார். பிறகு கையை நீட்டினார். ஒரு சாவியை அவரிடம் கொடுத்தோம்.

குழு கூடியது. எங்களை உள்ளே கூப்பிடவில்லை. மேனேஜரம்மா வெளியே வந்து சொன்னார். வருட ஒப்பந்தம் இனி இல்லை. மாதா மாதம் பார்ப்பார்கள். மாதம் ஒரு தடவை அலுவலகத்து ஆள் வந்து ஹீட்டரையும் குழாயையும் பார்ப்பான். மறுபடி ஒன்று நடந்தால் விமானம்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"மாசா மாசமா?"

"மாசா மாசம்."

"சரி" என்றாள். அரிசி களையப் போனாள்.

அதற்கப்புறம் ஒரு கோடை போய்விட்டது. படகு வந்து ஆயில் இறக்கிவிட்டுப் போனது. இப்போது மறுபடி குளிர். ஒவ்வொரு மாதமும் அந்த ஆள் வருகிறான். கைப்பிடியைப் பார்க்கிறான், குழாயைத் திறந்து பார்க்கிறான், ஒன்றும் சொல்லாமல் போகிறான். அவன் போகும் வரை நாங்கள் மூன்று பேரும் உட்காருவதில்லை. நேற்று வந்தான். இந்த மாதம் நாங்கள் இங்கே இருக்கலாம்.